இரண்டு கட்டில் அகல மழை

மாசி மாதம், எங்கள் மகன் பூமிநாதன் மேல் பனி சரிந்து மூடிவிட்டது என்று போன் வந்த அன்றைக்கு, சாயல்குடியில் என் பெண்டாட்டி முத்திருளாயி தலைக்கு மேல் மழை பிடித்தது. இரண்டு கட்டிலைச் சேர்த்துப் போட்டால் எவ்வளவு அகலமோ அவ்வளவு அகலம். அவள் அடுப்படியில் இருந்தால் அடுப்படி ஓட்டின் மேல் பெய்தது, கொல்லைக்குப் போனால் கொல்லையில் பெய்தது, கடைக்குப் போனால் கடை வாசலில் காத்திருந்து கூடவே திரும்பி வந்தது. அவள் அழவே இல்லை, அதனால்தான் இப்படி என்றார்கள் தெருவில். எனக்குத் தெரியாது. காரணம் தேடுகிறவனுக்கு வேறு சோலி இல்லை என்று அர்த்தம். எங்கள் ஊர் தண்ணீருக்குச் செத்த ஊர். துக்கம் கேட்க வந்த பெண்கள் குடத்தோடு வந்தார்கள். கட்டிப்பிடித்து அழுது முடித்து, போகும்போது நிறைத்து இடுப்பில் வைத்துக்கொண்டு போனார்கள்.

பூமிநாதன் ஒரே பிள்ளை. வடக்கே இமயமலையில் ரோடு போடுகிற கான்ட்ராக்டில் மண் தள்ளுகிற மெஷின் ஓட்டினான். மெஷினோடு மூடிவிட்டது. அங்கே சூப்பர்வைசர் குரியாக்கோஸ் என்று ஒரு மலையாளி. தெரிந்த தமிழில் விவரம் சொன்னார். இப்போது தோண்ட வழியில்லை, ஆனியில் பனி உருகும், அப்போது தேடுவோம், ஆவணி தாண்டினால் புதுப் பனி விழுந்துவிடும், பிறகு எடுக்கவே முடியாது, அடையாளம் காட்ட நீங்கள் வர வேண்டும். அந்த இடைவெளிக்குள் போய்ச் சேர வேண்டும், பிள்ளை முகத்தை ஒரு தரம் பார்த்துவிட வேண்டும். முத்திருளாயிக்கு உலகத்தில் பாக்கி இருந்த வேலை அது ஒன்றுதான்.

முதலில் ரயில் ஏறினோம். ஜன்னல் வழியாகச் சாரல் அடித்து முழுப் பெட்டியும் நனைந்தது. மதுரை வருவதற்குள் இறக்கிவிட்டார்கள். ஊருக்கே திரும்பினோம். நான் ரிட்டயர்டான பஸ் டிரைவர். மச்சினன் வீட்டில் ஒரு பழைய அம்பாசிடர் சும்மா நின்றது. எடுத்தேன். டிக்கியில் அரிசி, ஸ்டவ், கம்பளி, அவளுடைய நீலக் குடம். எங்கள் ஊர்க்காரிகள் குடம் இல்லாமல் காசிக்கும் போகமாட்டார்கள்.

வைகாசி வெயிலில் நாங்கள் போனோம், எங்களோடு மழையும் போனது. முன்னால் இருபது அடியில் ரோடு காய்ந்து கானல் பறந்தது, பின்னால் இருபது அடியில் ஆவி எழும்பியது, நடுவில் நாங்கள் மட்டும் நனைந்துகொண்டே ஓசூர் தாண்டினோம், பெனுகொண்டா தாண்டினோம், கடலைச் செடி கருகிக் கிடந்த காடுகளைத் தாண்டினோம். லாரிக்காரர்கள் ஒட்டிக்கொண்டே வந்து கண்ணாடியைக் கழுவிக்கொண்டு கையைக் காட்டிவிட்டுப் போனார்கள், சுங்கச்சாவடியில் நின்ற பெண்கள் பாட்டிலைக் கூரைக்கு மேல் நீட்டிப் பிடித்தார்கள், கர்னூல் பக்கம் ஒரு போலீஸ்காரன் ரோட்டை ஈரம் பண்ணியதற்கு அபராதம் எழுதிவிட்டு அதே கையோடு சட்டையைக் கழற்றிக் குளித்தான். யாரும் என்ன இது என்று கேட்கவில்லை. எவ்வளவு நேரம் நிற்பீர்கள் என்றுதான் கேட்டார்கள்.

"நிக்கலாம்ல ஒரு அரை மணி நேரம்," என்பாள் முத்திருளாயி. "ஆடு மாடு நாக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கிது."

"நீ கலெக்டரு. நிறுத்தி நிறுத்திப் போ. அங்க புதுப் பனி விழட்டும்."

அதற்கு மேல் பேசமாட்டாள். புதுப் பனி என்ற வார்த்தை போதும்.

மகாராஷ்டிரத்து விதர்ப்பாவில், பருத்திக் காடுகளுக்கு நடுவில், வைப்பர் மோட்டார் எரிந்துபோனது. எரியாமல் என்ன செய்யும், சாயல்குடியில் இருந்து ஓயாமல் ஓடுகிறது. மழையில் வைப்பர் இல்லாமல் ஓட்டினால் நேரே மகனிடம் போய்ச் சேரலாம், ரோடு வேண்டாம். மெயின் ரோட்டை விட்டு இறங்கிப் பக்கத்து ஊருக்குள் உருட்டினேன். கோரட்வாடி. ஊர் முழுக்க நரைத்த நிறம். நடுவில் குழாய்க் கிணறு துளைக்கிற போர் லாரி ஒன்று நின்றது, பக்கவாட்டில் திருச்செங்கோடு என்று தமிழில் எழுதியிருந்தது. அதன் நிழலில் படுத்திருந்த ஆள் எழுந்து வந்தான்.

"ஏனுங்க, நம்மூரு வண்டியா? என்னுங்க மழையோட வந்திருக்கீங்க?"

பெயர் செங்கோடன். ஊரைச் சுற்றிப் போர் போட்டிருக்கிறான். அத்தனையிலும் புகைதான் வந்திருக்கிறது. தண்ணீர் காட்டாமல் போகக்கூடாது என்று ஊர் லாரிச் சாவியைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, வேளாவேளைக்கு ரொட்டி கொடுத்து உட்கார வைத்திருக்கிறது. "நல்லா வெச்சுப் பாத்துக்கறாங்க. விடத்தான் மாட்டேங்கறாங்க," என்றான். அந்த ஊர்ப் பேச்சும் கற்றுக்கொண்டுவிட்டான்.

அவனும் நானும் பானட்டைத் தூக்கிக்கொண்டிருந்தபோது இவள் ஒரு காரியம் செய்தாள். தண்ணீர் லாரி வந்து நிற்கிற இடத்தில் குட வரிசை கிடந்தது. பித்தளை, பிளாஸ்டிக், தகரம், பெயின்ட் டப்பா, கோயிலைத் தாண்டி வளைந்து போகிறது, ஆள் ஒன்றும் இல்லை, குடம் மட்டும். முத்திருளாயி காரை விட்டு இறங்கினாள், டிக்கியைத் திறந்தாள், நீலக் குடத்தை எடுத்தாள், கொண்டுபோய்க் கடைசியில் வைத்தாள். யோசித்துச் செய்ததில்லை. குட வரிசையைக் கண்டால் குடத்தை வைக்கிற கை அது. அறியாத வயதில் இருந்து அதைத்தான் செய்திருக்கிறது. வைத்த பிறகுதான் நிமிர்ந்து, இது எந்த ஊர் என்று பார்த்தாள்.

பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் ஒருத்தியும் சிரிக்கவில்லை. வரிசையில் வைத்த குடம் ஆளுக்குச் சமம் என்பது சாயல்குடிக்கும் கோரட்வாடிக்கும் ஒரே சட்டம். குடம் வைத்தவள் ஊர்க்காரி. முறை வந்து நிறைக்காமல் குடத்தை எடுத்துக்கொண்டு போகிறவள், செத்துப்போனவள்.

அவள் கடைசியில் நின்றதால் கடைசிக் குடங்கள் முதலில் நிறைந்தன. முறை வராமல் நிறைந்த தன் குடத்தை அவள் கொட்டிக் கவிழ்த்து வைத்தாள். அங்கேதான் சண்டை வந்தது. வானத்தில் இருந்து பொம்பிளை ஒருத்தி தலைக்கு மட்டும் தண்ணீர் விழுகிறதே என்று ஒருவரும் வாயைப் பிளக்கவில்லை. வரிசை மாறிவிட்டது என்றுதான் முன்னால் குடம் வைத்தவர்கள் மயிரைப் பிடித்துக்கொண்டார்கள். பஞ்சாயத்துத் தலைவி சகுபாய் வந்தாள். கடன்பட்டுப் பருத்திக்கு அடிக்கிற மருந்தைக் குடித்துச் செத்தவனின் பெண்டாட்டி, குரல் உயர்த்தாதவள். முத்திருளாயியின் கையைப் பிடித்து வரிசையின் தலைக்குக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தி, ஒவ்வொரு குடத்திடமும் நின்று நின்று நட என்று கையால் காட்டினாள்.

இவள் நடந்தாள். தன் குடத்துக்கு வருவதற்குள் நிறைத்த குடங்களைக் கொட்டிவிட்டு வந்து மறுபடி பின்னால் வைத்துவிட்டார்கள். முன்னாலும் கொண்டுபோய் நுழைத்தார்கள், தூக்கமுடியாத கிழவிக்கு, பிள்ளை பெற்றவளுக்கு, காய்ச்சல்காரனுக்கு என்று. முத்திருளாயி எல்லோரையும் முன்னால் விட்டாள். எங்கள் ஊரிலும் அப்படித்தான் விடுவாள். நீலக் குடம் நகரவே இல்லை.

பிறகு அந்த ஊர் அதைப் பழக்கம் ஆக்கிக்கொண்டது. காலையில் குட வரிசை, வெயில் ஏறியபின் மாட்டுத் தொட்டி, சாய்ந்தபின் கிணறு, கிணற்றுக்குள் ஒரு பலகையைக் கட்டி அதில் அவளை உட்கார வைத்தார்கள், கிணறு நிறைய வேண்டாமா, பிறகு ஒற்றை மாட்டு வண்டியில் ஏற்றி வயல் வயலாகக் கூட்டிப்போனார்கள், வயலுக்கும் வரிசை வந்தது, வரிசைக்குச் சீட்டுக் குலுக்கினார்கள், சீட்டில் தோற்றவன் மாமனார் வீட்டுக்குப் போய் அழுதான், வெளியூரில் கட்டிக்கொடுத்த பெண்கள் பிள்ளைகளோடு திரும்பி வந்தார்கள், பக்கத்து ஊர்க்காரர்கள் கம்போடு வந்து ஓடைக்கு அந்தப் பக்கம் நின்றார்கள், இவர்கள் கம்போடு இந்தப் பக்கம் நின்றார்கள், பருத்தி முளைவிட்டது, கல்யாணம் பேசாமல் நின்றுபோன வீடுகளில் கல்யாணம் பேசினார்கள். அந்த வருஷம் ஊருக்கென்று வரவேண்டிய மழை வரவில்லை. ஒருத்தரும் மேலே அண்ணாந்து பார்க்கவும் இல்லை. முத்திருளாயி எந்தப் பக்கம் இருக்கிறாள் என்று மட்டும் பார்த்தார்கள். சகுபாய் அவளுக்கு நெய் போட்டுச் சோறு ஊட்டினாள், உள்ளங்காலில் விளக்கெண்ணெய் தேய்த்துவிட்டாள். சொந்தத் தங்கச்சியைக்கூட எவளும் அப்படிப் பார்க்கமாட்டாள். குடை மட்டும் கொடுக்கவில்லை.

இவளுக்கு இருமல் பிடித்தது. விரல்கள் ஊறிச் சுருங்கி வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டன.

செங்கோடன் லாரியில் இருந்து ஒரு மோட்டாரைக் கழற்றி என் வைப்பருக்குப் பொருத்தினான். ஓடியது. மறுநாள் காலையில் கிளம்பலாம் என்று நான் காரிடம் போனால், குட வரிசை காரைச் சுற்றி வளைந்து கிடக்கிறது. ஒரு சுற்று இல்லை, சுருட்டி வைத்த கயிறு மாதிரி. போகாதே என்று யாரும் சொல்லவில்லை. யாரும் அங்கே இல்லவும் இல்லை. வீட்டு வாசல்களில் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஏறி உட்கார்ந்தேன். இன்ஜினை ஸ்டார்ட் பண்ணினேன். அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

செங்கோடன் ஜன்னலுக்கு வந்தான். "பிளாஸ்டிக் குடந்தானுங்க. ஏத்திட்டுப் போங்க. அம்மாவ நான் கூட்டிட்டு வந்து மெயின் ரோட்டுல ஏத்தி உடறேன்."

"உனக்கு எந்த ஊரு?"

"திருச்செங்கோடுங்க. வண்டிலயே எழுதியிருக்குதே."

"பக்கத்துல காவிரி ஓடுது. உனக்குப் புரியாது. போய்ப் படு."

"புரியாட்டிப் போச்சாது. புரிஞ்ச நீங்களும் இங்கயேதான குந்தியிருக்கீங்க?" என்றான். எனக்குக் கோபம் வந்தது. அடுத்தவள் குடத்தைக் காலால் நகர்த்தினால் எங்கள் பக்கம் வெட்டுக் குத்து. டயரால் எப்படி ஏற்ற? இன்ஜினை அணைத்தேன்.

அன்றைக்குத்தான் குரியாக்கோஸ் போன் பண்ணினார். போர் லாரியின் கேபினுக்குள் முத்திருளாயியை உட்கார வைத்து, கூரையில் மழை தடதடவென்று அடிக்க, ஸ்பீக்கரில் போட்டேன்.

"சார், எவிடெ இருக்கு நீங்க? பனி நல்லா உருகிட்டு. கூட வேலை பார்த்த ஒரு பையனெ எடுத்தாச்சு. நம்ம பூமியும் அடுத்தாப்பல தான் இருக்கும். சீக்கிரம் வரணும்."

"வந்துருவோம்," என்றேன்.

"ஆகாசம் நல்லா தெளிஞ்சிருக்கு. இப்படியே இருந்தா எடுத்துடலாம்."

இவள் போனிடம் குனிந்தாள். "ஏங்கய்யா, அங்க மழ பெய்யுமா?"

"இவ்வளவு உயரத்துல மழை ஏது அம்மே? மேலேருந்து எது விழுந்தாலும் இங்கே பனியா தான் விழும். அப்படி விழுந்தா தோண்டின குழி மூடிப் போகும். அதுதான் பயம். நீங்க வந்து சேருங்கோ."

போன் அணைந்தது. முத்திருளாயி கேபின் கூரையைப் பார்த்தாள். தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தது. வெகு நேரம் பார்த்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். எனக்கும் புரிந்துவிட்டது, ஆனால் அவள் வாயைத் திறக்கக்கூடாது என்று இருந்தது.

"நீங்க மட்டும் போங்க," என்றாள்.

"கிறுக்கு மாதிரிப் பேசாத. எம்புட்டுத் தூரம் வந்தாச்சு."

"நான் வந்தா அவன் மேல விழும். நானே போயி எம் புள்ளய மூடணுமா?"

"கீழயே நில்லு. நான் மட்டும் மேல ஏறுறேன்."

"எவ்வளவு கீழ? எங்கிட்டு நின்னா விழாது, நீங்க எழுதித் தருவீங்களா?" இருமினாள். "அப்படியே நான் கீழ நிக்கேன்னு சொன்னாலும், நிப்பனா? எடுத்துட்டாங்கன்னு சொன்னா ஓடிவர மாட்டேன்?"

"இவங்ககிட்ட உன்ன விட்டுட்டுப் போகவா? ஒரு குடை குடுக்காத கூட்டம். ஊறியே செத்துருவ."

"குடுக்க மாட்டாகதான். நம்ம ஊர்ல குடுத்துருவாகளா? எல்லாருக்கும் தொண்டை ஒண்ணுதான்." சேலைத் தலைப்பைப் பிழிந்துவிட்டாள், பிழியப் பிழிய வந்தது. "எங் கொடம் வரிசையில கெடக்கு. எம் மொற வரல. ஊருல யாரும் கேட்டா அப்படிச் சொல்லுங்க. போங்க. புதுப் பனி விழுந்துரும்."

என் வார்த்தையை என் மேலேயே போட்டாள்.

அவள் இங்கேயே இருக்கிறாள், நான் மட்டும் போகிறேன் என்று செங்கோடன் போய்ச் சகுபாயிடம் சொன்னான். சொன்னதும், வாசல்களில் நின்ற பெண்கள் இறங்கி வந்தார்கள். அவரவர் குடத்தை அவரவர் எடுத்து மார்போடு வைத்துக்கொண்டு ஒதுங்கினார்கள். சுருள் பிரிந்து வழி வந்தது. ஒருத்தி என் மடியில் ரொட்டி மூட்டையைப் போட்டாள். ஒருத்தி காரின் நெற்றியில் குங்குமம் வைத்தாள். என்னைப் பார்த்து அவர்கள் அழுதார்கள். நிஜமாகவே அழுதார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஊர் எல்லையைத் தாண்டும்போது திரும்பிப் பார்த்தேன். மழை என்னோடு வரவில்லை. ஊருக்கு நடுவில் ஒரு தூண் மாதிரி நின்றது.

காய்ந்த காரை ஓட்டினேன். நாக்பூர், ஜான்சி, டெல்லி, அம்பாலா. பக்கத்து சீட் கொஞ்ச நாள் ஈரமாக இருந்தது, பிறகு அதுவும் காய்ந்தது. லாரிக்காரர்கள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. சுங்கச்சாவடியில் சில்லறை இருக்கிறதா என்று மட்டும் கேட்டார்கள். மலை ஏறினேன், மரம் குறைந்தது, புல் குறைந்தது, பிறகு கல்லும் பனியும் வானமும்தான். வானம் அப்படி ஒரு நீலம். இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு ஆடி மாதத்தைப் பார்த்ததில்லை, ஒரு பொட்டுக்கூட விழவில்லை, உங்களுக்குக் கடவுள் துணை என்றார் குரியாக்கோஸ்.

ஆடி முடிகிற சமயத்தில் மெஷினின் மஞ்சள் கூரை தெரிந்தது. சீட்டில் உட்கார்ந்தபடியே இருந்தான். ஒரு கை கியரில். வாய் லேசாகத் திறந்து, யாரையோ என்னடா என்று கேட்கப்போகிறவன் மாதிரி. ஆமாம், என் மகன்தான் என்றேன். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

போன் பிடிக்கிற இடம் கீழே ஆற்றங்கரையில்தான் இருந்தது. லாரியில் பனிக்கட்டிக்கு நடுவே அவனை இறக்கிக்கொண்டு வந்தோம். போன் போட்டேன், செங்கோடன் எடுத்தான்.

"அம்மாவுக்குக் காச்சலுங்கய்யா. நடையக் கொறைங்கன்னு சொல்லிப் பாத்தேன், கேக்கறதில்ல. ஊர்க்காரங்களச் சொல்லலீங்க, அம்மாவத்தான் சொல்றேன். அவிங்களே தூக்கிட்டுப் போறோம்னாங்க, இந்தம்மா நடந்துதான் வருவேங்குது."

பிறகு அவள் குரல். "எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு."

"மொகம்?"

"அப்படியே இருக்கு."

"தாடி விட்டுருக்கானா?"

"விட்டுருக்கான்."

"மழிச்சுத் தொலைடான்னு எத்தன தடவ சொன்னேன். கேட்டானா." கூரைச் சத்தத்துக்கு நடுவில் இருமினாள்.

போனில் படம் அனுப்பவா என்று குரியாக்கோஸ் பக்கத்தில் இருந்து கேட்டார். அவளிடம் கேட்டேன். "கையால தொட முடியல, படத்துல பாத்து என்ன செய்ய," என்றாள்.

"ஐஸ் போட்டு அங்க கொண்டாந்துர்றேன். நீ பாத்துரலாம்."

குரியாக்கோஸ் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். கீழே வெயிலில் அந்த உடம்பு தாங்காது.

அவளுக்கு அவர் தலையாட்டியது தெரியாது. இருந்தும் சொன்னாள். "கொண்டாந்து? நான் இருக்குற எடத்துல வெறகு பத்துமா? பொகஞ்சு, பாதில அணைஞ்சு, கரிக்கட்டையாக் கெடக்கணுமா எம் புள்ள? வேணாம். அங்கயே முடிங்க. வெறகு நல்லாக் காஞ்சிருக்கான்னு பாத்துக்கங்க."

முடித்தேன். ரோட்டு வேலைக்காரர்கள் பெட்டிப் பலகைகளை உடைத்துக் கொடுத்தார்கள், கீழே இருந்து ஒரு லாரி மரம் வந்தது. சுத்தமாகக் காய்ந்த மரம். குச்சியைக் கிழித்த உடனே பிடித்தது. போனை அணைக்காமல் வைத்திருந்தேன், அவள் வைக்கச் சொல்லவில்லை.

"பக்கத்துல கொண்டுபோங்க," என்றாள்.

கொண்டுபோனேன். முட்டி எரிகிற அளவுக்குக் கிட்டே போய் ஒரு கல் மேல் வைத்தேன். போன் வெடித்துவிடும் சார் என்று குரியாக்கோஸ் சட்டையைப் பிடித்து இழுத்தார். கையைத் தட்டிவிட்டேன். நெருப்பு படபடவென்று பேசியது. அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

பிறகு எடுத்துக் காதில் வைத்தேன். காது சுட்டது. அந்தப் பக்கமும் அதே மாதிரி படபடவென்றுதான் கேட்டது, லாரிக் கூரையில். அதற்கும் பின்னால் பெண்கள் குரல், அந்த ஊர்ப் பேச்சில், குடத்தோடு குடம் இடிக்கிற சத்தம்.

"நல்லாத்தான் எரியிது," என்றாள். "கேட்டுது."

"ம்."

"சரி, வைங்க. கூப்புடுறாங்க. வரிசை நிக்கிது."

அவளே அணைத்தாள். நான் நெருப்பிடம் நின்றேன். வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை.